பல்லாண்டுக் களைகளும் அவற்றின் கட்டுப்பாடும்

பாடம்: விவசாயமும் உணவுத் தொழினுட்பமும்



முசலிப் பிரதேச முஸ்லிம் மக்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர் படிப்படியாக மீள்குடியேறினர். கொண்டச்சி போன்ற ஊர்களில் பற்றை வெட்டித் துப்புரவாக்கிய காணியில் பாத்தி கட்டி நீர் ஊற்றினால், பயிருக்கு முன்னரே கோரையும் அறுகும் இடம்பிடித்து விடும். கொத்தக் கொத்தக் கூடுவது ஏன்?

1. வரைவிலக்கணம்

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழும் களைகள் பல்லாண்டுக் களைகள் ஆகும். இவை விதையால் மட்டுமன்றிப் பதிய முறையாலும் பெருகும்.

• கோரை – நிலக்கீழ்க் கிழங்கு
• அறுகு – ஓடி, வேர்த்தண்டுக்கிழங்கு
• இலுக்கு – வேர்த்தண்டுக்கிழங்கு

2. கோரை எளிதில் அழியாமைக்குக் காரணம்

கோரைக் கிழங்குகள் மண்ணுள் சங்கிலி போலத் தொடுக்கப்பட்டிருக்கும். நுனிக் கிழங்கு முளைக்கையில் ஏனையவை பெரும்பாலும் உறங்குநிலையில் இருக்கும். மண்வெட்டியால் கொத்தும்போது சங்கிலி அறுந்து, உறங்கிய கிழங்குகளும் தனித்தனியே முளைக்கும். ஆகவே ஒருமுறை கொத்திவிட்டு நிறுத்துவது களையெடுப்பதல்ல, களை நடுவதாகும்.

3. கட்டுப்படுத்தும் முறைகள்

(அ) பொறிமுறை: முளை வெளிவந்து 4–6 வாரங்களில் புதிய கிழங்குகள் உருவாகத் தொடங்கும். எனவே 2–3 வாரத்துக்கு ஒருமுறை, 5–6 இலைகள் வருமுன் கிழங்குடன் அகற்ற வேண்டும்.

(ஆ) உலர்த்தல்: மழை குறைந்த மே–செப்டெம்பர் காலத்தில் மண்ணைப் புரட்டிக் கிழங்குகளை வெயிலில் காயவிடல். அப்போது நீர் ஊற்றலாகாது.

(இ) பயிராக்க முறை: கோரை நிழலைத் தாங்காது. கௌப்பி, வற்றாளை போன்றவற்றை நெருக்கமாக நட்டு நிலத்தை மூடலாம்.

(ஈ) இரசாயன முறை: கிளைபோசேற் இலைகளால் உறிஞ்சப்பட்டுக் கிழங்குவரை கடத்தப்படும். இலங்கையில் 2015 இல் தடைசெய்யப்பட்டு, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டு, 2022 இல் தடை நீக்கப்பட்டது. கிணற்றோடு கூடிய சிறு வீட்டுத்தோட்டத்திற்கு முதல் மூன்று முறைகளே உகந்தவை.

கவனிக்க: கோரையின் கூரிய முளை வைக்கோலை மட்டுமன்றி மெல்லிய பொலித்தீனையும் துளைத்து வெளிவரும். பிடுங்கிய கிழங்குகளைக் கூட்டெருக் குவியலில் போடலாகாது.

மாதிரி வினா

மண்வெட்டியால் கொத்திய சில வாரங்களில் ஒரு பாத்தியில் கோரை முன்பைவிடக் கூடியது.
(i) காரணம் தருக. (2 புள்ளிகள்)
(ii) செய்ய வேண்டிய இரண்டு நடவடிக்கைகளைக் கூறுக. (2 புள்ளிகள்)

விடை

(i) கிழங்குச் சங்கிலி அறுந்ததால் உறங்குநிலைக் கிழங்குகளும் முளைத்தமை.
(ii) 2–3 வாரத்துக்கு ஒருமுறை கிழங்குடன் அகற்றல். நிலத்தை மூடும் பயிர் நடல்.

“களை பிடுங்கல்” என்று மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். எப்போது, எந்தப் பகுதியுடன் என்பதையும் எழுதுங்கள். வீட்டுத்தோட்டத்திலும் அதுவே விதி. ஒரு போகத்தில் முடியும் வேலையல்ல இது. இடைவிடாது செய்தால், சேமித்த உணவு தீர்ந்து கிழங்கு மண்ணுக்குள்ளேயே நலிந்து போகும்.