அரசியல் பேச, எழுத ஒரு பட்டம்: கடன் வாங்காமல் படிக்கும் வழி

‘பொலிட்டிக்கல் கம்யூனிகேஷன்’ என்று பெயர் போட்ட பட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். கட்சி ஐடி விங்கோ செய்தி சேனலோ அந்தப் பெயரைப் பார்த்து ஆள் எடுப்பதில்லை. நம் விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணறிலேயே உதாரணம் இருக்கிறது. இந்த ஊர்க்காரரான தமிழச்சி தங்கபாண்டியன் ராணி மேரிக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர். 2019-ல் தென்சென்னை எம்.பி. ஆனார். பொறியியல் படித்த அவர் தம்பி தங்கம் தென்னரசு 2023-ல் நிதியமைச்சரானார். பட்டத்தின் பெயரைவிடத் தேவை இரண்டுதான்: அரசியல் நடக்கும் விதம் தெரிய வேண்டும், அதைப் பிழையில்லாமல் எழுதவும் பேசவும் வர வேண்டும். இந்த இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் செலவு மிச்சம்.

முதலில் அரசு கல்லூரி. பிளஸ் டூ ரிசல்ட் வரும் நேரத்திலேயே, அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கைக்கான டிஎன்ஜிஏஎஸ்ஏ இணையதளத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கட்டணம் 50 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 2 ரூபாய்தான். திருச்சுழி, அருப்புக்கோட்டை, சிவகாசி மூன்றிலும் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அரசியல் அறிவியல் எந்தக் கல்லூரியில் இருக்கிறது என்று அந்த ஆண்டுப் பட்டியலில் பாருங்கள். கிடைக்காவிட்டால் வரலாறோ பொருளியலோ எடுங்கள், குடி முழுகிவிடாது.

அரசு உதவி பெறும் கல்லூரிக்குப் போனால் வாசலிலேயே கேட்க வேண்டிய கேள்வி: “இந்தக் கோர்ஸ் எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?” ஒரே கல்லூரி, ஒரே பல்கலைக்கழகப் பட்டம், ஃபீஸ் மட்டும் வேறு. விஸ்காம், இதழியல் எல்லாம் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கும். கேமராவையும் ஸ்டுடியோவையும் காட்டி ஆளை மயக்குவார்கள். மூன்று வருட ஃபீஸ், தேர்வுக் கட்டணம், பஸ் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே தலையாட்டுங்கள்.

இதழியலுக்குத் தனி வழி உண்டு. ஒரு பட்டத்தை நேரடி வகுப்பிலும் இன்னொன்றைத் தொலைநிலையிலும் ஒரே சமயத்தில் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-ல் அனுமதித்தது. இக்னோவுக்கு மதுரையில் மண்டல மையம் இருக்கிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பட்டியலையும் பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன் அந்தப் படிப்பு யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று சரிபார்த்துவிடுங்கள். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பாடங்களை இலவசமாகவே கேட்கலாம்.

அடுத்தது உதவித்தொகை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். பெற்றோர் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தால் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பதிந்திருந்தால் பிள்ளைகளின் கல்விக்கு உதவி கிடைக்கும். பதியாத குடும்பங்கள் ஏராளம், அதுதான் வயிற்றெரிச்சல். பட்டாசு விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரை செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதல்வர் அறிவித்தார். அப்படிப்பட்ட வீடு என்றால் கலெக்டர் ஆபீசில் நேரில் கேளுங்கள்.

படிக்கும்போதே எழுதிச் சேருங்கள். மல்லாங்கிணறு பேரூராட்சி என்பதால் இங்கே கிராம சபை கிடையாது. அக்டோபர் 2 அன்று பக்கத்து ஊராட்சிக்குப் போய் உட்காருங்கள். தீர்மானத்தை யார் வாசிக்கிறார், குடிதண்ணீர் பற்றிக் கேட்ட பெண்ணுக்கு என்ன பதில் வந்தது, அது நோட்டில் ஏறியதா என்று கவனித்து ஒரு பக்கம் எழுதுங்கள். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சி நோட்டீசையும் வாங்கி வைத்து, ஒரே சாலையைப் பற்றி யார் என்ன சொல்கிறார் என்று ஒப்பிடுங்கள். இன்டர்வியூவில் காட்ட வேண்டிய ஃபைல் இதுதான்.

மேற்படிப்புக்கு மதுரை காமராசர், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகங்களில் தொடர்பியல் துறைகள் உண்டு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் கியூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இளங்கலை கடைசி வருடம் தொடங்கியதுமே அந்த அறிவிப்பைத் தேட ஆரம்பித்துவிடுங்கள்.