உருக்காமல் இணையும் உலோகங்கள்: உராய்வுப் பாடத்திற்கு ஒரு விரிவு

"உராய்வு ஒரு தேவையான தீமை." உராய்வுப் பாடத்தை நடத்தும்போது நாம் அனைவரும் சொல்லும் தொடர் இது. நடப்பதற்கும் பிரேக் பிடிப்பதற்கும் உராய்வு தேவை. இயந்திரத்தின் பாகங்கள் தேய்வதும் ஆற்றல் வெப்பமாக வீணாவதும் தீமை. பாடம் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடுகிறது. 'வீணாகும்' அந்த வெப்பத்தையே வேலைக்கு வைத்து, நெருப்பால் இணைக்க இயலாத உலோகங்களை இணைக்கும் தொழில்நுட்பம் ஒன்று உள்ளது. அதுவே உராய்வுக் கலக்கல் பற்றவைப்பு. தொழிற்கூடங்களில் இதனை ஃபிரிக்ஷன் ஸ்டிர் வெல்டிங் என்பர். 1991ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள பற்றவைப்பு ஆய்வு நிறுவனத்தில் இம்முறை உருவாக்கப்பட்டது.

உருக்கினால் என்ன சிக்கல்?

இரும்பையும் அலுமினியத்தையும் உருக்கி ஒட்ட முடியுமா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான மாணவர்கள் "முடியும்" என்பார்கள். அலுமினியத்தின் உருகுநிலை 660°C. இரும்பின் உருகுநிலை 1538°C. இரும்பு உருகத் தொடங்கும் முன்பே அலுமினியம் நீராக ஓடிவிடும். வெப்பத்தால் அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். எனவே குளிரும்போது இணைப்பில் இழுவிசை உண்டாகி விரிசல் ஏற்படலாம்.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் வேதியியல் சார்ந்தது. உருகிய நிலையில் இரண்டும் கலந்தால் FeAl₃, Fe₂Al₅ போன்ற உலோகங்களிடைச் சேர்மங்கள் தடித்த அடுக்காக உருவாகும். இவை கடினமானவை, ஆனால் எளிதில் நொறுங்கக் கூடியவை. 'உலோகங்களைக் கலந்தால் வலிமை கூடும்' என்று உலோகக்கலவைப் பாடத்தில் படித்த மாணவருக்கு இது வியப்பளிக்கும். பித்தளையில் துத்தநாக அணுக்கள் தாமிர அணுக்களின் இடத்தில் அமர்ந்துகொள்கின்றன. இங்கோ அணுக்கள் குறிப்பிட்ட விகிதத்தில் பிணைந்து புதிய சேர்மமாகின்றன. கலவைக்கும் சேர்மத்திற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இது நல்ல சான்று.

எவ்வாறு இணைகிறது?

இதற்கான கருவி ஓர் உருளை. அதன் அடிப்பகுதி அகன்றிருக்கும். இதனைத் 'தோள்' என்பர். தோளின் நடுவே சிறிய 'முளை' நீட்டிக்கொண்டிருக்கும். இணைக்க வேண்டிய இரு தகடுகளையும் அசையாமல் இறுகப் பிடித்து, வேகமாகச் சுழலும் கருவியை அழுத்தி இறக்குவார்கள். தோள் தகட்டின் மேல் உராய்வதால் வெப்பம் உண்டாகிறது. அலுமினியம் பெரும்பாலும் 400 முதல் 500°C வரை சூடாகிக் களிமண் போல இளகுகிறது, ஆனால் உருகுவதில்லை. முளை அதனைக் கலக்கியபடியே இணைப்புக்கோட்டின் வழியே நகர்கிறது. பின்னால் வரும் தோள் அழுத்தி இறுக்குகிறது.

வெப்பம் எல்லை மீறாதா என்ற கேள்வி எழலாம். உலோகம் இளக இளக அது தரும் எதிர்ப்பு குறைகிறது. எனவே உண்டாகும் வெப்பமும் குறைகிறது. இவ்வாறு வெப்பநிலை பெருமளவு தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது.

எஃகுடன் இணைக்கும்போது முளையின் பெரும்பகுதி அலுமினியப் பக்கமே இருக்கும். எஃகை இலேசாக மட்டும் உரசும். அந்த உரசலில் மேற்பரப்பிலுள்ள ஆக்சைடு படலம் அகன்று, புதிய உலோகப் பரப்புகள் நேரடியாகத் தொடுகின்றன. வெப்பம் குறைவு, நேரமும் குறைவு என்பதால் நொறுங்கும் சேர்மம் மிக மெல்லிய அடுக்காகவே நின்றுவிடுகிறது.

2012இல் ஹோண்டா நிறுவனம் இம்முறையை அக்கார்டு காரின் முன்புறத் துணைச் சட்டத்தில் பயன்படுத்தியது. எஃகின் மேல் அலுமினியத்தைப் படியவைத்து இணைத்ததால், முழுவதும் எஃகாலான சட்டத்தைவிட எடை 25 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. எடை குறைந்தால் எரிபொருள் மிச்சமாகும்.

வகுப்பறைச் செயல்பாடு

தேவையானவை: இரு நிறக் களிமண், தட்டையான முனையுள்ள பென்சில்.

1. இரு நிறக் களிமண்ணையும் சம தடிமனுள்ள பட்டைகளாக்கி, விளிம்புகள் தொடுமாறு வைத்து இழுக்கச் செய்க. எளிதில் பிரியும்.
2. மீண்டும் அருகருகே வைத்து, பென்சிலை இணைப்புக்கோட்டில் அழுத்திச் சுழற்றியபடியே மெதுவாக நகர்த்தச் செய்க.
3. இப்போது இழுத்துப் பார்க்கட்டும். குறுக்கே வெட்டி, நிறங்கள் பின்னியிருப்பதை வரையட்டும்.
4. பென்சிலை எடுத்த இடத்தில் ஒரு குழி இருக்கும். உண்மையான பற்றவைப்பிலும் முளை வெளியேறும் இடத்தில் இத்தகைய துளை எஞ்சும். அதனை எவ்வாறு தவிர்க்கலாம் என்று குழுவாகச் சிந்திக்கட்டும்.

களிமண் இயல்பிலேயே இளகியது. உலோகத்தை இளக்குவது உராய்வு வெப்பம். இவ்வேறுபாட்டைச் சொல்லத் தவறக் கூடாது. இல்லையெனில் கலக்குவது மட்டுமே போதும் என்ற தவறான கருத்து பதிந்துவிடும்.

கலந்துரையாட வினாக்கள்

• பத்து ரூபாய் நாணயத்தில் வெளிவளையமும் நடுப்பகுதியும் வெவ்வேறு உலோகங்கள். அவை பற்றவைக்கப்பட்டனவா, அழுத்திப் பொருத்தப்பட்டனவா?
• இரும்பும் அலுமினியமும் தொட்டிருக்கும் இடத்தில் மழைநீர் புகுந்தால் எது முதலில் அரிக்கப்படும்? உலோகங்களின் வினைபடு வரிசையைக் கொண்டு விளக்குக.
• உராய்வால் நமக்குக் கிடைக்கும் நன்மைகளின் பட்டியலில் இனி எதைச் சேர்ப்பாய்?

தொடக்க வகுப்புகளுக்குக் களிமண் செயல்பாடும் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூட்டை உணர்வதும் போதும். உயர்நிலை வகுப்புகளில் உராய்வு, வெப்பம், உலோகங்கள், அரிமானம் ஆகிய நான்கு பாடங்களையும் இந்த ஒரே எடுத்துக்காட்டால் இணைக்கலாம். பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் சேரும் மாணவர்கள் நம் வகுப்புகளிலும் இருக்கிறார்கள். தாங்கள் கற்கப்போகும் தொழிலின் அறிவியல் இப்பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது என்பதை அவர்கள் இங்கேயே அறிந்து செல்லட்டும்.