கோப்பை வருகிறது, குதூகலம் ஏன் போகிறது?

கேள்வி: ஐயா, பள்ளி நாளிலிருந்தே எங்கள் ஊர்க் கபடிக் குழுவில் ரெய்டராக ஆடுகிறேன். எங்களில் யாரும் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் இல்லை. பகலில் வேலை, மாலையில் பயிற்சி. முன்பெல்லாம் பக்கத்து ஊர்ப் போட்டிகளோடு சரி. இப்போது மாவட்டத்தில் எங்களுக்கு நல்ல பெயர். மாநில அளவிலான மின்னொளிப் போட்டிகளிலும் பரிசு வாங்குகிறோம். ஆனால் முன்பு இருந்த சந்தோஷம் இல்லை. பயிற்சிக்குக் கிளம்பவே மனம் வருவதில்லை. “ரொம்ப வெறியோடு ஆடினால் இப்படித்தான், கொஞ்சம் தளர்த்திக்கொள்” என்கிறார் அண்ணன். “இன்னும் நாலு கோப்பை அடித்தால் சந்தோஷம் தானாக வரும்” என்கிறார் கேப்டன். யார் சொல்வது சரி?

— ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அருமையான கேள்வி, நண்பரே. விளையாட்டு உளவியலில் அரை நூற்றாண்டாக ஆராயப்படும் விஷயத்தை உங்கள் அண்ணனும் கேப்டனும் வீட்டுத் திண்ணையிலேயே விவாதித்திருக்கிறார்கள். இருவர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் உங்கள் சலிப்புக்கான காரணம் இரண்டிலும் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அண்ணன் சொல்வது. போட்டி வேகமும் சந்தோஷமும் ஒரு தராசின் இரண்டு தட்டுகள், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்பது அவருடைய எண்ணம். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உங்கள் நினைவில் இன்றும் இனிக்கிற ஓர் ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். எதிரணியை மூன்று முறை ஆல் அவுட் செய்து இருபது புள்ளி வித்தியாசத்தில் வென்ற ஆட்டமா அது? பெரும்பாலும் இருக்காது. கடைசி நிமிடம் வரை ஒரு புள்ளி முன்னும் பின்னுமாக இழுத்த ஆட்டமாகத்தான் இருக்கும். இரண்டு ரெய்டு வெறுமையாகப் போய், புள்ளி எடுத்தே தீரவேண்டிய மூன்றாவது ரெய்டுக்கு நீங்கள் கோட்டைத் தாண்டிய நொடி இன்னும் உடம்பில் பதிந்திருக்கும்.

இதன் காரணத்தை மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் 1970-களில் ஆராய்ந்தார். மலையேறுவோர், சதுரங்கம் ஆடுவோர், நடனக் கலைஞர்கள், கூடைப்பந்து வீரர்கள் என்று பலரிடமும் பேசிப் பார்த்து, அவர்களுடைய அனுபவத்தில் பொதுவாக இருந்த ஒன்றுக்கு ‘ஃப்ளோ’ என்று பெயர் வைத்தார். நேரம் போவதே தெரியாமல், தன்னை மறந்து, செய்யும் செயலோடு ஒன்றிவிடும் நிலை அது. முன்னால் நிற்கும் சவாலும் நம் திறமையும் ஏறத்தாழ சமமாக இருக்கும்போதுதான் அந்த நிலை கைகூடுகிறது. சவால் குறைந்தால் சலிப்பு வரும், மிஞ்சினால் பதற்றம் வரும். எதிரணி முழு பலத்தோடு மோதினால்தான் உங்களுக்கு அந்தச் சவால் கிடைக்கும். ஆகவே போட்டி வேகத்தைக் குறைத்தால் சந்தோஷம் கூடிவிடாது, இருப்பதும் குறையக்கூடும்.

அடுத்து கேப்டன் சொல்வது. அமெரிக்காவில் கால்பந்து ஆடும் சிறுவர் சிறுமியர், அவர்களுடைய பெற்றோர், பயிற்சியாளர்கள் ஆகியோரிடம், ஆட்டத்தில் எது சந்தோஷம் தருகிறது என்று கேட்டு ஓர் ஆய்வு நடந்தது. 2015-இல் வெளியான அதன் முடிவில் மொத்தம் 81 காரணங்கள் பட்டியலாயின. முழு மூச்சோடு முயல்வதும், பயிற்சியாளர் மரியாதையாக நடத்துவதும், நேர்மையாகவும் தோழமையோடும் ஆடுவதும் முன்வரிசையில் நின்றன. வெற்றி வெகு பின்னால் நின்றது. அவர்கள் சிறுவர்கள்தானே என்று நீங்கள் கேட்கலாம்; நியாயம்தான். ஆனால் கோப்பை தானாகச் சந்தோஷம் கொண்டுவரும் என்பது உண்மையானால் உங்கள் கடிதமே வந்திருக்காது. நீங்கள்தான் வரிசையாகக் கோப்பை வாங்கிக்கொண்டிருக்கிறீர்களே!

அப்படியானால் காரணம் என்ன? மூன்று மாற்றங்கள் என்று பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, அளவுகோல் மாறுவது. ஓர் ஆட்டக்காரர் தான் நன்றாக ஆடினோமா என்பதை இரண்டு விதமாக அளக்கலாம் என்று 1980-களில் ஜான் நிக்கல்ஸ் என்ற அறிஞர் காட்டினார். ஒன்று பணி நோக்கு. போன மாதம் வராத பிடி இந்த மாதம் வந்ததா என்று, நேற்றைய தன்னோடு இன்றைய தன்னை ஒப்பிடுவது. மற்றது தன்முனைப்பு நோக்கு. நான் அவனைவிடப் பெரியவனா என்று, பிறரோடு மட்டும் ஒப்பிடுவது. ஜோன் டூடா என்ற ஆய்வாளர் இதை விளையாட்டு வீரர்களிடம் சோதித்தபோது, இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்று தெரிந்தது. ஒரே ஆளிடம் இரண்டும் வலுவாக இருக்கலாம், அதில் தவறில்லை. முதலாவது வற்றி இரண்டாவது மட்டும் மிஞ்சும்போதுதான் சிக்கல்.

வெற்றி பெறத் தொடங்கிய குழுக்களில் இது ஓசையில்லாமல் நடக்கும். முன்பு கார்னரில் நிற்பவர் கணுக்கால் பிடியின் நேரத்தைக் கற்றுக்கொண்டாலே எல்லோரும் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பீர்கள். இப்போது கோப்பை வந்ததா இல்லையா என்பது மட்டுமே பேச்சாகியிருக்கும். அப்போது வென்றால் ‘அப்பாடா’ என்ற நிம்மதிதான் வரும், மகிழ்ச்சி வராது. தோற்றாலோ ஓராண்டு உழைப்பும் வீண் என்று தோன்றும்.

இரண்டாவது, ஆட்டம் யார் கையில் இருக்கிறது என்பது மாறுவது. எட்வர்டு டெசி, ரிச்சர்டு ரையன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வகுத்த ‘சுயநிர்ணயக் கோட்பாடு’ இங்கே உதவும். மனிதர் ஒரு செயலை உள்ளார்ந்த விருப்பத்தோடு தொடர மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறது அது. தன் விருப்பப்படி செய்கிறோம் என்ற உணர்வு, திறமை வளர்கிறது என்ற உணர்வு, நம்மைச் சேர்ந்தவர்களோடு இருக்கிறோம் என்ற உணர்வு.

இதைப் பரிசுத்தொகையோடு சேர்த்துப் பாருங்கள். 1973-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். வண்ணப் பேனாவால் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். சான்றிதழ் வாங்கிய பிறகு, ஓய்வு நேரத்தில் அந்தக் குழந்தைகள் பேனாவைத் தொடுவது குறைந்துபோனது. முன்னறிவிப்பு இல்லாமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளின் ஆசையோ குறையவில்லை. பரிசு கெடுதல் செய்யவில்லை. பரிசுக்காகத்தான் செய்கிறோம் என்ற எண்ணம் ஆசையின் இடத்தைப் பிடித்துக்கொண்டதுதான் கெடுதல்.

நம் மின்னொளிப் போட்டிகளில் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். முதல் பரிசுத் தொகை பெரிதாக இருந்தால், குழுவுக்குச் செலவு செய்பவர் வெளியூரிலிருந்து இரண்டு மூன்று ஆட்டக்காரர்களை இறக்குவார். யார் களத்தில் இறங்குவது என்பதையும் அவரே முடிவு செய்வார். ஆண்டு முழுவதும் உங்களோடு மண்ணில் புரண்டவர் அன்று ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். மேலே சொன்ன மூன்று தேவைகளும் ஒரே இரவில் அடிபட்டுப் போகும். உங்கள் குழுவிலும் இப்படி நடக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. நடந்தால், சலிப்பின் வேரை அங்கேயே தேடுங்கள்.

மூன்றாவது, சுமை. சம்பளமில்லாத விளையாட்டு உச்சத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து நல்ல சான்று. 1884-இல் தொடங்கிய கேலிக் தடகளச் சங்கம் நடத்தும் ஹர்லிங், கேலிக் கால்பந்து ஆகிய இரண்டும் அங்கே உயிர்மூச்சு. டப்ளினில் உள்ள குரோக் பார்க் அரங்கில் இறுதி ஆட்டத்துக்கு 80,000 பேருக்கு மேல் கூடுவார்கள். ஆடுகிறவர்களுக்கோ சம்பளம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் முன்னால் ஆடிய ஆசிரியர் மறுபடி வகுப்புக்குப் போகவேண்டும். மாவட்ட அணிகளுக்கு ஆடுகிறவர்கள் வாரத்துக்கு 31 மணி நேரம் வரை ஆட்டத்துக்காகச் செலவிடுகிறார்கள் என்று அந்நாட்டின் பொருளாதார, சமூக ஆய்வு நிறுவனம் 2018-இல் கண்டறிந்தது. வேலைக்கு மேல் கிட்டத்தட்ட இன்னொரு வேலை! உறக்கமும் குடும்பமும் நண்பர்களும்தான் அதற்கு விலை.

அந்தச் சங்கம் போட்டியைத் தளர்த்தவில்லை, நாட்காட்டியைத் திருத்தியது. 2022 முதல் மாவட்ட அணிகளின் ஆட்டங்கள் ஜூலையோடு முடிகின்றன. அதன் பிறகு ஆட்டக்காரர்கள் சொந்த ஊர்க் குழுவுக்குத் திரும்பி ஆடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுபடுவது குறைந்தது. சுமையைக் குறைக்கும் வழி வேறு, வேகத்தைக் குறைக்கும் வழி வேறு என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

போட்டியும் மகிழ்ச்சியும் ஒன்றாக இருக்கமுடியுமா என்ற சந்தேகம் இன்னும் இருந்தால், அல்டிமேட் என்ற தட்டெறி ஆட்டத்தைப் பாருங்கள். கபடி போலவே அணிக்கு 7 பேர். 1968-இல் அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் உருவாக்கியது. உலகக் கோப்பை ஆட்டத்தில்கூடத் தீர்ப்புச் சொல்லும் நடுவர் கிடையாது. தவறை ஆட்டக்காரர்களே சொல்லி, பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். கடுமையாகப் போட்டியிடுவது வரவேற்கத்தக்கது, ஆனால் பரஸ்பர மரியாதையையும் ஆடுவதன் மகிழ்ச்சியையும் அதற்காகப் பலியிடக்கூடாது என்பது விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் நடத்தைக்கு ஐந்து தலைப்புகளில், தலைப்புக்கு 4 வரை, மதிப்பெண் போடவேண்டும். அதிகம் பெறும் அணிக்குத் தனிப் பரிசும் உண்டு. மகிழ்ச்சி தானாக நிலைக்கும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை, அதற்கும் விதி வகுத்திருக்கிறார்கள்.

இனி நீங்கள் செய்யக்கூடியவை. அடுத்த பருவம் தொடங்கும் முன் குழுவை ஒருநாள் உட்காரவைத்து, ஒவ்வொருவரும் எதற்காக ஆடுகிறார் என்று கேளுங்கள். ஒருவர் மாநில அணியைக் கனவு காண்பார், இன்னொருவருக்கு மாலையில் நண்பர்களைப் பார்த்தால் போதும். இரண்டும் மதிப்புக்குரிய ஆசைகள்தான். பேசாமல் விட்டால் அவையே சண்டையாகும். பேசிவிட்டால் எந்தப் போட்டிக்கு முழு பலத்தோடு போவது, எதில் இளையவர்களை இறக்குவது என்று பிரித்துக்கொள்ளலாம். வெளியாட்களை இறக்குவதா என்பதையும் குழுவே முடிவு செய்யட்டும்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முடிவைச் சாராத குறிக்கோள் ஒன்று வையுங்கள். ‘போனஸ் கோட்டை இடது காலால் தாண்டப் பழகுவேன்’ என்பது போல, தோற்றாலும் நிறைவேறக்கூடியதாக அது இருக்கட்டும். ஆண்டில் சில வாரங்களாவது முழு ஓய்வு கொடுங்கள். ஓய்வுக்குப் பிறகும் களைப்பு, உறக்கமின்மை, உடல்வலி தொடர்ந்தால் அதை மனச்சலிப்பு என்று ஒதுக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஆக, என் தீர்ப்பு இது: வெறியோடு ஆடுங்கள், தளர்த்தவேண்டாம். எதை அளக்கிறீர்கள், யார் முடிவெடுக்கிறார்கள், எவ்வளவு சுமக்கிறீர்கள் என்ற மூன்றை மட்டும் சரிசெய்யுங்கள். சம்பளமில்லாத ஆட்டத்தில் ஒருவரை மறுநாளும் களத்துக்கு வரவைப்பது அந்த மகிழ்ச்சி ஒன்றுதான். அதைக் காப்பதையும் பயிற்சித் திட்டத்தில் ஒரு பாடமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.