கணக்கோடு வரும் காப்புறுதி: கையொப்பமிடுமுன் கவனிக்க வேண்டியவை



வங்கிகள் இப்போது ஒரு வகைக் கணக்கை அறிமுகம் செய்கின்றன. மாதாந்தம் ஒரு கட்டணம் அறவிடப்படும், அல்லது ஒரு தொகையை எப்போதும் மீதியாக வைத்திருக்க வேண்டும். அதற்குப் பகரமாக விபத்துக் காப்புறுதி, ஆஸ்பத்திரிச் செலவு, வெளிநாட்டுப் பயணக் காப்புறுதி என்பன கணக்கோடு சேர்ந்து வரும். "நானா, இதை எடுக்கலாமா?" என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் பதிலைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றுதான். சரக்கு எடுக்கும்போது பார்ப்பது போல, இதையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. தனித்தனியாக விலை கேளுங்கள்

உதாரணத்துக்கு, மாதக் கட்டணம் ரூபா 1,500 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ரூபா 18,000. பட்டியலில் நான்கு காப்புறுதிகள் இருக்கலாம். அவற்றில் நீங்கள் எப்படியும் காசு கொடுத்து வாங்கியிருக்கக் கூடியவை எவை? விபத்துக் காப்புறுதியும் பயணக் காப்புறுதியும் மட்டும்தான் என்றால், அந்த இரண்டுக்கும் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் விலை கேளுங்கள். முதலாவது ரூபா 4,000, இரண்டாவது ஒரு பயணத்துக்கு ரூபா 6,000 என்றால், வருடத்தில் ஒரு தடவை மட்டும் சீனாவுக்கோ பாங்கொக்குக்கோ போய்வருபவருக்கு ரூபா 8,000 நட்டம். மூன்று தடவை போகிறவருக்கு ரூபா 4,000 இலாபம். தேவையில்லாத மற்ற இரண்டுக்கும் பெறுமதி பூச்சியம் என்றே எழுதுங்கள்.

2. உங்களுக்குச் செல்லுபடியாகுமா?

விளம்பரத் துண்டில் தொகை பெரிய எழுத்திலும் நிபந்தனை சிறிய எழுத்திலும் இருக்கும். வயதெல்லை எத்தனை? ஏற்கனவே உள்ள சீனி, பிரஷர், இருதய நோய் விலக்கப்பட்டுள்ளதா? வியாபாரப் பயணம் அடங்குமா, சுற்றுலா மட்டும்தானா? பயணப் பொதியில் கொண்டுவரும் வியாபாரச் சாமான்களும் மாதிரிகளும் பெரும்பாலும் அடங்குவதில்லை. வயதெல்லையைத் தாண்டியவர் மாதாமாதம் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்கலாம், கேட்கப் போகும் அன்றுதான் உண்மை தெரியவரும்.

3. ஏற்கனவே இருக்கிறதா?

இருக்கும் காப்புறுதியை இரண்டாம் தடவை வாங்கக் கூடாது. உம்ரா விசாவுடன் சவூதி அரசாங்கம் 2020 முதல் காப்புறுதியையும் சேர்த்தே வழங்குகிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு இரண்டு பத்திரம் இருந்தாலும் மொத்தத்தில் பில்லுக்கு மேல் கிடைக்காது. நட்டத்தை ஈடு செய்வதே அதன் நோக்கம், இலாபம் தருவதல்ல. ஆனால் விபத்து மரணத்துக்கு நிர்ணயித்த தொகை அப்படியல்ல. அது பொதுவாக இரண்டிலிருந்தும் கிடைக்கும். இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

4. முடங்கும் பணத்துக்கும் விலை உண்டு

"மீதி 2 இலட்சம் இருந்தால் எல்லாம் இலவசம்" என்பார்கள். நமக்குக் காசுதான் சரக்கு. அந்த 2 இலட்சத்தை மாதம் ஒரு தடவை கைக்காசாகக் கொடுத்துச் சாமான் எடுத்தால் மொத்த வியாபாரி 2 வீதம் கழிவு தருகிறார் என்று வைப்போம். மாதம் ரூபா 4,000, வருடத்துக்கு ரூபா 48,000. இலவசம் என்று சொல்லப்பட்டது கட்டணக் கணக்கை விடவும் அதிக செலவாகிறது. பணம் சும்மா கிடக்கும் ஒருவருக்கு இந்தக் கணக்கு வேறு விதமாக வரும்.

5. பத்திரம் யார் பெயரில்?

இவை பெரும்பாலும் வங்கியின் பெயரிலுள்ள கூட்டுக் காப்புறுதிகள். மீதி குறைந்தாலோ கணக்கை மூடினாலோ பாதுகாப்பும் நின்றுவிடும். வங்கி காப்புறுதி நிறுவனத்தை மாற்றவும் கூடும். ஆகவே நிபந்தனைகளை எழுத்தில் பெற்று, அதன் பிரதியொன்றை வீட்டாரிடம் கொடுத்து வையுங்கள். இருப்பதே தெரியாத காப்புறுதியை மௌத்துக்குப் பின் யார் போய்க் கேட்பது?

கடையை மறக்க வேண்டாம்

நான் அதிகம் கவலைப்படுவது இதற்காகத்தான். கணக்கோடு காப்புறுதி இருக்கிறது என்ற நிம்மதியில் சிலர் கடைக்குக் காப்புறுதி எடுப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். கணக்கோடு வருவது ஆளுக்குரியது, கடைக்குரியதல்ல. 2014 இல் அளுத்கமையிலும், 2018 இல் திகனயிலும், 2019 இல் மினுவாங்கொடையிலும் நம்மவர்களின் கடைகள் எரிந்ததைக் கண்டோம். சாதாரண தீக் காப்புறுதிப் பத்திரத்தில் கலவரச் சேதம் தானாக அடங்காது. வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் என்பவற்றுக்கு மேலதிகக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக வருகிறது. வெள்ளத்துக்கும் அப்படியே கேட்டுச் சேர்க்க வேண்டும்.

தொகையையும் குறைத்துக் காட்டாதீர்கள். 1 கோடி ரூபா சரக்கை 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவருக்கு 20 இலட்சம் நட்டம் வந்தால், விகிதப்படி 8 இலட்சம்தான் கிடைக்கும். பயணக் காப்புறுதிக்குப் போகும் பணம் இந்த இடைவெளியை நிரப்பப் போவதே பலருக்குச் சிறந்தது.

இன்னொன்று: வங்கி முறிந்தால் வைப்பாளருக்கு ரூபா 11 இலட்சம் வரை கிடைக்கும் வைப்புக் காப்புறுதி 2021 முதல் நடைமுறையில் உள்ளது. உரிமம் பெற்ற எல்லா வங்கிகளுக்கும் அது பொது. அதற்காக நீங்கள் கட்டணக் கணக்கு திறக்கத் தேவையில்லை.

மார்க்க வரையறையும் உண்டு. கணக்கில் வட்டி சம்பந்தப்படுகிறதா, இணைந்திருப்பது வழமையான காப்புறுதியா, தகாபுலா என்பதை வங்கியிடம் தெளிவாகக் கேட்டு, உலமாக்களிடம் விளக்கம் பெற்றுக்கொள்ளுங்கள்.

பிரித்தானியாவில் இத்தகைய கணக்குகள் தகுதியற்றவர்களுக்கும் விற்கப்பட்டதாக முறைப்பாடுகள் குவிந்தன. வாடிக்கையாளர் ஒவ்வொரு காப்புறுதிக்கும் தகுதியானவரா என்று பார்த்தே விற்க வேண்டும், வருடா வருடம் அதை நினைவூட்ட வேண்டும் என்று 2013 இல் அங்கு விதி வந்தது. நமக்கு யாரும் நினைவூட்டும் வரை காத்திருக்க வேண்டாம். கடையில் வருடாந்தக் கையிருப்பு எடுக்கும் நாளில் காப்புறுதிப் பத்திரங்களையும் எடுத்துப் பாருங்கள். வயது கூடியதா, பயணம் குறைந்ததா, சரக்கு பெருகியதா என்று கணக்கிடுங்கள். பயன் தராத கணக்கை மூடுவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

நட்டஈடு மறுக்கப்பட்டால் முதலில் வங்கிக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் முறையிடுங்கள். பதில் திருப்தியில்லாவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அதற்கும் கையில் பத்திரமும் கடிதப் பிரதிகளும் இருக்க வேண்டும்.