சுளுக்குக்கு ஐஸா, ஒத்தடமா?

கேள்வி: கணுக்கால் சுளுக்கினால் ஐஸ் வைப்பதா, வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதா?

பதில்: முதல் இரண்டு நாள் சூடு வேண்டவே வேண்டாம். கிழிந்த நுண்குழாய்கள் சூட்டில் விரிந்து வீக்கத்தைக் கூட்டும். ‘ஐஸும் கூடாதாமே’ என்பார்கள். 1978-இல் ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, காலை உயர்த்துதல் என்ற முறையைப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் சொன்னது உண்மைதான். ஆனால் வலி தணிக்க முதல் சில மணி நேரத்தில் சற்று வைப்பதை அவரும் மறுக்கவில்லை. துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் போதும். கிரேப் பேண்டேஜை விரலருகில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல் மரத்தாலோ நீலம் பாரித்தாலோ உடனே தளர்த்திவிடுங்கள். வீக்கம் வடிந்து விறைப்பு மட்டும் மிஞ்சும்போது ஒத்தடம் இதமளிக்கும். காலை ஊன்றி நாலடி நடக்க முடியாவிட்டால், தயங்காமல் மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள்.