ஆங்கிலம் பழகுவோம்: பேஸ்லிப்

சம்பளச் சீட்டை ஆங்கிலத்தில் 'பேஸ்லிப்' என்போம். இரண்டு சொல் சேர்ந்து ஒரு சொல்லானது. 'பே' என்றால் சம்பளம். 'ஸ்லிப்' என்றால் சீட்டு. நம்ம தமிழைப் போலவே, பொருள் இன்னதென்று கடைசிச் சொல்தான் சொல்லும். பன்மையும் அங்கேதான் சேரும்: பேஸ்லிப்ஸ்.

கைதட்டிச் சொல்லிப் பாருங்கள். 'பே' ஒரு தட்டு, 'ஸ்லிப்' ஒரு தட்டு. அசை இரண்டுதான். நம்மில் பலர் 'பே-சி-லிப்-பு' என்று நாலாக்கி விடுகிறோம். நடுவில் 'இ', கடைசியில் 'உ' வராமல் பழகுவோம்.

அழுத்தம் முதல் அசையில். 'பே' பலமாக, 'ஸ்லிப்' மெதுவாக. இந்த அழுத்தம் பொருளையே மாற்றும். 'பிளாக்போர்ட்' என்பதில் முதல் பாதியை அழுத்தினால் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை. பிரித்து, 'போர்ட்' என்பதை அழுத்தினால் ஏதோ ஒரு கறுப்புப் பலகை.

சொல்லப் பழகினால் மட்டும் போதாதுங்க. சீட்டை வாங்கியதும் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசியுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு நம்ம சம்பளத்தில் 8 சதவீதம் கழிப்பார்கள். நிர்வாகம் தன் பங்காக 12 சதவீதம் கட்ட வேண்டும். கணக்கு சரியா என்று பாருங்கள்.