முதல் பேஸ் மரத்தில் இருக்கட்டும்

அன்புள்ள கண்ணம்மா,

உன் கடிதம் கிடைத்தது. டபுள் பேஸ் வாசிக்க ஆசை, மர வாத்தியம் வாங்கலாமா எலெக்ட்ரிக் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளைவுட்டில் செய்த, முக்கால் அளவு மர பேஸ் வாங்கு. எலெக்ட்ரிக் பிறகு வரட்டும்.

நீ சிதம்பரத்தில் வயலின் படித்தவள். ஸ்வர ஸ்தானம் காதில் இருக்கிறது. மெட்டு இல்லாத விரல் பலகையும் உனக்குப் புதிதில்லை. கை மட்டும்தான் புதிதாகப் பழக வேண்டும். வயலினில் தந்தியின் நீளம் 33 சென்டிமீட்டருக்குள் அடங்கும். முக்கால் அளவு பேஸில் அது ஏறக்குறைய 105. திறந்த தந்தியிலிருந்து சதுச்ருதி ரிஷபத்துக்குப் போக வயலினில் மூன்றரை சென்டிமீட்டர் போதும், பேஸில் 11 சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டும். அதனால்தான் கழுத்தின் மேல்பகுதியில் சுட்டுவிரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றையும் வைத்தே வாசிக்கிறார்கள். மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணையாக அழுத்தும். சிமாண்டல் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய பாடமுறை இன்றும் இந்த விரல் கணக்கைத்தான் சொல்லித் தருகிறது. முதல் வருஷம் அதை விட்டு விலகாதே.

அடுத்தது சுருதி. நம் முறையில் வயலினை ஸ-ப-ஸ-ப என்று கூட்டுவோம். பேஸில் கனத்த தந்தியிலிருந்து இ, ஏ, டி, ஜி என்று ஏறும். ஒவ்வொரு தந்தியும் தனக்கு முந்தியதன் சுத்த மத்யமம். நம் சங்கீதத்துக்கு இது பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு கட்டை சுருதி வைத்துக்கொள். டி தந்தி ஷட்ஜமம், ஏ கீழ்ப் பஞ்சமம், ஜி சுத்த மத்யமம், இ சதுச்ருதி ரிஷபம். நான்கு திறந்த தந்தியும் மத்யமாவதியில் இருக்கின்றன, சுத்த சாவேரியிலும் இருக்கின்றன. ஐந்து கட்டைக்குப் போனால் ஜி ஷட்ஜமம், டி பஞ்சமம், ஏ ரிஷபம், இ சதுச்ருதி தைவதம். நான்கும் மோகனத்தின் ஸ்வரங்கள். ஒன்றரைக் கட்டைப் பாடகருக்கு நான்கு தந்தியையும் அரை ஸ்வரம் இறக்கிக்கொண்டால் போதும். ஏற்றுவதில்தான் கவனம் வேண்டும். எஃகுத் தந்தி நான்கும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. மேலைநாட்டில் தனி வாசிப்புக்கு ஒரு ஸ்வரம் ஏற்றிக் கூட்டுகிறவர்கள் அதற்கென்றே வேறு தந்தி போடுகிறார்கள்.

இனி எந்த மரம் என்ற கேள்வி. நல்ல விலையுள்ள பேஸில் முகப் பலகை ஸ்புரூஸ் மரத்தைக் குடைந்து செய்தது, முதுகும் பக்கமும் மேப்பிள். ஒலி அழகு. ஆனால் காட்டுமன்னார்கோயிலில் அதை வைத்துக் காப்பாற்றுவது பெரும் பாடு. ஐப்பசி கார்த்திகையில் ஈரத்தில் மரம் உப்பி, தந்தி விரல் பலகையை விட்டு உயர்ந்துவிடும். கத்தரியில், அதைவிட ஏசி அறையில், பலகை சுருங்கி விரிசல் விடும், ஒட்டிய விளிம்பு பிரியும். ஒட்டித் தருகிறவர் பக்கத்தில் இல்லை. பிளைவுட் அவ்வளவு சீக்கிரம் விரியாது, ஈரத்துக்கு அவ்வளவாக அசைந்துகொடுக்காது. ஒலி கொஞ்சம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். விரலால் மீட்டும்போது அந்த மந்தமே ஒரு குணமாகிவிடும். முகப் பலகை மட்டும் குடைந்த மரமாகவும் மற்றது பிளைவுட்டாகவும் உள்ள கலப்பு வகையும் உண்டு. பணம் இடம் கொடுத்தால் அதைப் பார்.

கடைக்குப் போகும்போது துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. சென்னை அண்ணா சாலையில் உள்ள, 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் கடையில் விசாரிக்கத் தொடங்கு. துணைக்கு வந்தவரிடம் பேஸை மீட்டச் சொல்லிவிட்டு நீ அறையின் மறுமூலையில் நின்று கேள். வாசிக்கிறவர் காதுக்குக் கிடைக்கும் பேஸ் வேறு, சபைக்குப் போய்ச் சேரும் பேஸ் வேறு. உங்கள் ஊர் நாதமுனிகள், பல தாளங்களை ஒரே நேரத்தில் தட்டக் கேட்டு ஒவ்வொன்றின் எடையையும் சொன்னார் என்று வைணவ மரபில் ஒரு கதை உண்டு. திவ்யப் பிரபந்தத்துக்கு இசை வகுத்துத் தன் மருமக்கள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர். பொருளைக் காதால் எடைபோடுவதைச் சொல்லும் அந்தக் கதை வாத்தியம் வாங்கப் போகிறவர்களுக்கு நல்ல துணை. நான்கு தந்தியும் ஒரே பலத்தில் பேசுகின்றனவா, ஏதாவது ஒரு ஸ்வரம் மட்டும் சட்டென்று அணைந்துவிடுகிறதா, இல்லை தனியாக முழங்குகிறதா என்று கேள். பிறகு கண்ணால் பார். குதிரையின் இரண்டு காலும் முகப் பலகையில் இடுக்கில்லாமல் பதிந்திருக்க வேண்டும். விரல் பலகையின் முடிவில் ஜி தந்தி 6 மில்லிமீட்டர் உயரத்திலும் இ தந்தி 9, 10 அளவிலும் இருந்தால் தொடக்கத்தில் கை நோகாது. குதிரையில் ஏற்றி இறக்கும் திருகு இருந்தால் அவசியம் அதையே வாங்கு. அடைமழைக் காலத்தில் நீயே உயரத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

முக்கியமான ஒன்று. உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட்டை ஒட்டியிருக்க மாட்டார்கள். தந்தி தரும் அழுத்தத்தில்தான் அது நிற்கிறது. தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டு. நான்கையும் ஒரே சமயத்தில் தளர்த்தினால் போஸ்ட் விழுந்துவிடும். அதை நிறுத்தத் தெரிந்தவரைத் தேடிச் சென்னைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

எலெக்ட்ரிக்கை நான் குறைத்துப் பேசவில்லை. மர பேஸ் ஆறடி உயரம், பத்துக் கிலோ எடை. சிதம்பரம் பஸ்ஸில் அதை ஏற்றினால் கண்டக்டர் சம்மதிக்கமாட்டார். யமாஹா சைலண்ட் பேஸ் ஏழு கிலோதான், ஹெட்போன் போட்டு நள்ளிரவில்கூட சாதகம் செய்யலாம். டிரம்ஸும் பெரிய ஸ்பீக்கரும் உள்ள மேடையில் மர பேஸின் பெட்டி ஸ்பீக்கர் ஒலியை வாங்கி ஊளையிடும், எலெக்ட்ரிக் ஊளையிடாது. ஆனாலும் அதை முதல் வாத்தியமாக வாங்காதே என்பதற்குக் காரணம் வலது கை. மர பேஸில் விரல் நுனியால் சீண்டினால் ஒன்றும் வராது. தோளிலிருந்து கையின் எடை முழுவதும் விரலின் பக்கவாட்டில் இறங்கி, தந்தியை இழுத்து விட்டால்தான் பெட்டி பேசும். எலெக்ட்ரிக்கில் சோம்பலான விரலுக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒலி கொடுத்துவிடும். சுருதியும் அப்படித்தான். ஏ தந்தியில் டி ஸ்வரத்தைச் சரியான இடத்தில் பிடித்தால் பக்கத்துத் திறந்த டி தந்தி தானாக அதிரும். மரப்பெட்டி அதைப் பெருக்கி உன் விலா எலும்பு வரை கொண்டுவரும். மயிரிழை விலகினாலும் உடம்புக்குத் தெரிந்துவிடும். இந்தப் பாடத்தை வேறு எங்கும் படிக்க முடியாது.

மேடைக்காக மர பேஸின் குதிரையில் ஒரு பீசோ பிக்கப் பொருத்திக்கொள். அதை நேராக மிக்சரில் செருகாதே. கீழ் ஸ்வரங்கள் போய்ச் சத்தம் தகரம்போல் ஆகும். பத்து லட்சம் ஓம் உள்ளீடு கொண்ட சிறிய ப்ரீஆம்ப் ஒன்று நடுவில் இருக்க வேண்டும்.

வில்லில் ஃபிரெஞ்சு, ஜெர்மன் என இரண்டு வகை. ஜெர்மன் வில்லைக் கீழிருந்து பிடிக்க வேண்டும். உனக்கு வயலின் பிடி பழகியிருப்பதால் ஃபிரெஞ்சு. வயலின் ரோசின் இதற்கு ஆகாது, பேஸுக்கென்று பிசுபிசுப்பானது தனியாக விற்கிறது. நம் வெயிலில் அது இளகி வழியும், டப்பாவை நிமிர்த்தி வை.

கமகம் பற்றிக் கேட்டிருந்தாய். இ தந்தி நொடிக்கு 41 முறைதான் அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியில் ஸ்வரம் எது என்று காது தீர்மானிக்கவே சற்று நேரம் வேண்டும். அங்கே தோடியின் காந்தாரத்தை அசைத்தால் குழம்பித்தான் போகும். கீழே நீண்ட ஸ்வரம், நிதானமான ஜாரு மட்டும் வாசி. கம்பிதத்தை ஜி தந்தியின் மேல்பகுதிக்கு வைத்துக்கொள். புல்லாங்குழலோடும் தபலாவோடும் பேஸ் எப்படிப் பழகுகிறது என்பதற்கு பேஸ் கலைஞர் எட்கர் மேயர், ஜாகிர் உசேன், பேலா ஃப்ளெக், ராகேஷ் சௌராசியா சேர்ந்து 2023இல் வெளியிட்ட ‘ஆஸ் வி ஸ்பீக்’ தொகுப்பைக் கேள். மேயர் வில்லில் வாசிக்கும்போது எங்கே ஒதுங்குகிறார் என்று கவனி. இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனி மெட்டாகவே நடந்துபோவதையும் கூடவே கேள். வாத்தியம் வேறு, ஆனால் ஒரு ராகத்துக்குக் கீழே என்ன வைக்கலாம் என்பதற்கு நம்மிடம் அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இல்லை. எல்லாவற்றையும் ஹெட்போனில் கேள். போன் ஸ்பீக்கரில் இந்தக் கீழ் ஒலி வரவே வராது.

மழை முடிந்து தை பிறந்ததும் வாங்கலாம். அதுவரை சுருதிப் பெட்டியை இரண்டு கட்டையில் வைத்து, வயலினில் வாசிக்கும் மத்யமாவதி வர்ணத்தின் ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் அடியில் எந்த ஒற்றை ஸ்வரம் நிற்கலாம் என்று எழுதிப் பார்த்து எனக்கு அனுப்பு. கடைக்கு நானும் வருகிறேன், வேனும் நானே பேசி வைக்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா